சபைக்கு ஒரு சின்னப் பெட்டி

வீட்டில் எல்லோருக்கும், நான் உங்கள் சின்னவன். வயது இருபத்து நான்கு. இருப்பது கல் பட்டறை விடுதியின் மூன்றாவது மாடி, ஜன்னலை ஒட்டிய கட்டில். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் அது கன்னாபின்னா என்று எழுதுகிறது. அதனால் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் பைப்பு, "என்னடா, எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்கிறான். பைப்பு என் அறைக்காரன். குழாய் வேலை செய்வதால் அந்தப் பெயர். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசினபடியே சொல்கிறேன். தப்பாக விழுந்தால் பிறகு திருத்திக்கொள்கிறேன்.

கையால் தட்டாமல் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். என் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துவிட்டன. ஐந்து மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லவில்லை. வீடியோ காலில் நீங்கள் பார்த்ததெல்லாம் என் முகமும் வலது தோளும்தான். அக்கா ஒரு நாள், "ஏன்டா ஒரு பக்கமாவே உக்காந்திருக்கே, கழுத்து சுளுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

என் வேலை என்னவென்று அப்பாவுக்கு ஓரளவு தெரியும். சமையலறை மேடைக்குப் போடும் கல்லின் ஓரத்தைக் கை மெஷினால் வழவழப்பாக்குவது. வலது கை பின்னால் இருக்கும் பிடியில், இடது கை பக்கவாட்டுப் பிடியில். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். மெஷின் அதிரும். சாயங்காலம் மெஷினை நிறுத்தின பிறகும் கை நிற்காது. தேனீக் கூட்டை முழங்கைக்குள் வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். முதலில் எல்லோருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

பைப்பு என்னை ஒரு லீவு நாளில் கம்பெனிக்கு வெளியே ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் ஒரு காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, இறுக்கிப் பிடி என்றார். பிடித்தேன். அவர் இழுத்தார். உறையிலிருந்து கடிதம் வருவது போல வந்துவிட்டது. வலது கையில் வைத்து இழுத்தார், காகிதம் கிழிந்தது. முழங்கையில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறதாம். இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்தால் கை திரும்பும், தள்ளிப்போட்டால் நரம்பு பிழைத்தாலும் சதை பிழைக்காது என்றார். கட்டை விரலுக்குப் பக்கத்தில் மேடாக இருக்க வேண்டிய இடம் குழியாக இருப்பதைக் காட்டினார். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. என் கைதான், நான் கவனித்ததே இல்லை.

என் ஒப்பந்தம் புதுப்பிக்க அன்றைக்கு ஒன்பது வாரம் இருந்தது. அதற்கு முன் கம்பெனிக்குத் தெரிந்தால் உடல் தகுதியில்லை என்று எழுதி விமானம் ஏற்றிவிடுவார்கள். அறுவையும் கிடையாது, வேலையும் கிடையாது. புதுப்பித்துவிட்டால் காப்பீடும் ஓடும், லீவு போட்டுக் கையைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கும் ஒன்பது வாரத்துக்கும் சில நாள்தானே வித்தியாசம், சில நாளில் சதை என்ன ஓடியா போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒளித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பட்டறையில் ஒளிக்கலாம். கையுறை இருக்கிறது, பிடியைப் பிடிக்க இரண்டு விரல் குறைந்தாலும் சமாளிக்கலாம். சிக்கல் சபையில்தான். நான் ஞாயிற்றுக்கிழமை கிட்டார் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, அங்கே பாட்டு நடத்துகிறவர்தான் பட்டறையில் என் சூப்பர்வைசர். திங்கள் முதல் சனி வரை சார், ஞாயிறு மட்டும் பிரதர். பத்து அடி தூரத்திலிருந்து மெஷின் சத்தத்தை வைத்தே யார் தேய்க்கும் தட்டைச் சாய்த்துப் பிடிக்கிறான் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு ஞாயிறும் என் இடது பக்கத்தில், ஒரு கை தூரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கிட்டாரில் கம்பிகளை அமுக்குவது இடது கைதான். வாசிப்பதை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். வாசித்தால் தெரிந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் பாஸ்டர் அந்த அறிவிப்பைச் செய்தார். எங்கள் சபைக்குச் சொந்த இடம் கிடையாது. ஒரு நாற்காலிக் கடைக்கு மேலே உள்ள நடனப் பள்ளியின் கூடத்தை ஞாயிறு மூன்று மணி நேரம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மூன்று பக்கம் கண்ணாடி. யார் தூங்கினாலும் நாலு பேராகத் தெரிவார்கள். கீழ்க்கடைக்காரர் என் கிட்டார் ஸ்பீக்கர் சத்தத்தில் தன் கடை அலமாரிக் கதவுகள் திறந்துகொள்கின்றன என்று புகார் கொடுத்துவிட்டார். அந்த ஸ்பீக்கர் பெட்டி இருபது கிலோ. வாரம் தவறாமல் நாற்பத்திரண்டு படி தூக்கிக்கொண்டு போவது நான்தான்.

பாஸ்டர் சொன்னார்: "இனிமே மேடையில ஸ்பீக்கர் வேண்டாம். எல்லாம் நேரா சவுண்டு மிக்ஸர் வழியா சுவர் ஸ்பீக்கர்ல போகட்டும். தம்பி, நீயே பார்த்து ஒண்ணு தேர்ந்தெடு. சின்னதா இருக்கணும், சத்தம் கீழ போகக் கூடாது, ஒரு பைக்குள்ள அடங்கணும். ஏன் அதுதான்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடு."

எனக்கு ஆண்டவரே வழி திறந்த மாதிரி இருந்தது. இப்போது அப்படிச் சொல்லக் கூசுகிறது.

கடைக்குக் கீபோர்டு அக்காவோடு போனேன். சபையில் கீபோர்டு வாசிக்கிறவர். மற்ற நாளில் ஒரு வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறார். வாய் அதிகம், காது அதைவிட அதிகம். கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். ஒன்று தீப்பெட்டி அளவு, கிட்டாரிலேயே செருகிக்கொள்ளலாம். காதில் மாட்டிக் கேட்க அருமை, மிக்ஸரில் கொடுத்தால் கொசு பாடுவது போல இருந்தது. இரண்டாவது பேட்டரியில் ஓடுகிற குட்டி ஸ்பீக்கர். அக்கா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மறுபடியும் அலமாரி திறக்கும்" என்று தள்ளிவிட்டார். மூன்றாவது செங்கல் அளவு இரும்புப் பெட்டி. தரையில் வைத்துக் காலால் மிதிக்கிறது. பெரிய ஸ்பீக்கரின் ஓசையெல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஒரு வயர் மிக்ஸருக்கு, ஒரு வயர் காதுக்கு. அவ்வளவுதான். கூடவே ஒரு வசதி: ஒரு தடவை வாசித்ததைப் பதிந்து வைத்துக்கொண்டு, மிதித்தால் திரும்பத் திரும்ப வாசிக்கும்.

நான் கடைக்காரரிடம் கேட்டேன். "அணைச்சுட்டுப் போட்டாலும் பதிஞ்சது இருக்குமா?"

"இருக்கும். தொண்ணூத்தொம்பது பாட்டு வரைக்கும் வெச்சுக்கலாம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கிட்டாரும் மாற்றினேன். கழுத்து குட்டை, முனையில் கம்பியை முறுக்குகிற ஆணிகள் இருக்கும் தலையே இல்லாத வகை. மெலிந்த கம்பி, அதிகம் அமுக்க வேண்டாம். கைப்பையில் அடங்கும். அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தலையில்லாத முண்டம்டா இது. பாஸ்டர் முதல்ல இதுக்கு ஜெபம் பண்ணி பேயை ஓட்டட்டும்" என்றார். கடைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

பாஸ்டருக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தில், எடை குறைவு, தனி ஸ்பீக்கர் தேவையில்லை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம், கைக்கு லேசு என்று எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பாஸ்டர் அதைச் சபையில் வாசித்து, "தம்பி எவ்வளவு பொறுப்பா யோசிச்சிருக்கான் பாருங்க" என்றார். ஸ்தோத்திரம் என்றார்கள் எல்லோரும்.

அதற்குப் பிறகு மூன்று வாரம், விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் முன், ஒரு மக்கில் வெந்நீர் வைத்து இடது கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சூடு ஏறினால் விரல்கள் ஒரு சரணம் வரைக்கும் சொன்னதைக் கேட்கும். மோதிர விரலையும் நடு விரலையும் பிளாஸ்திரி போட்டுச் சேர்த்துக் கட்டுவேன். "விரலுக்குக் கல்யாணம் பண்ணிட்டியா, எங்களுக்குச் சொல்லவே இல்ல?" என்பான் பைப்பு. அந்தச் சரணத்தைப் பெட்டியில் பதிவேன். தப்பு வந்தால் மறுபடி வெந்நீர். இப்படிப் பதினோரு பாட்டு. எல்லாமே டி மேஜரில். பிரதருக்கு எந்தப் பாட்டானாலும் டி மேஜர்தான், பிறக்கும்போதே அந்தச் சுருதியில்தான் அழுதிருப்பார் என்று அக்கா கேலி செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரில் இருக்கும் சத்தக் குமிழைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிடுவேன். வலது கை தாளத்துக்குத் தட்டும். இடது கை கழுத்தின் மேல் சும்மா படுத்திருக்கும். கால் மிதிக்கும். பெட்டி வாசிக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் மறைந்தது. மூன்று ஞாயிறு மறைந்தது. திங்கட்கிழமை சார் என் மேசைக்கு வந்து, "குச்சி, நேத்து மணி மணியா இருந்துச்சுப்பா. ஒரு தப்பு இல்ல" என்றார். பட்டறையில் எனக்குக் குச்சி என்று பெயர். நன்றி சார் என்றேன்.

கண்டுபிடித்தது கீபோர்டு அக்காதான். பஸ்ஸுக்கு நிற்கும்போது பட்டென்று கேட்டார்.

"நாலு சரணமும் அச்சு அடிச்ச மாதிரி எப்படிடா வருது? ரெண்டாவது சரணத்துல ஒரு கம்பி லேசா கிணுங்குது. மூணாவதுலயும் அதே இடத்துல கிணுங்குது. நாலாவதுலயும். தப்பே இல்லாம வாசிக்கற ஆளு நீ கிடையாதே. கைய காட்டு."

காட்டினேன். தினமும் ஒரு நோயாளியைப் புரட்டிப் போடுகிறவர். தொட்டதும் தெரிந்துவிட்டது. சுண்டு விரலைக் கிள்ளினார். நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிள்றேன்டா."

"தெரியலக்கா."

கொஞ்ச நேரம் என் கையை விடாமல் வைத்திருந்தார். "வீட்ல சொன்னியா?"

"இன்னும் அஞ்சு வாரம்தான்க்கா. புதுப்பிச்ச உடனே சொல்லிடறேன். ப்ளீஸ்க்கா."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுக்க. நம்ம சபைல அடுத்த பாட்டு எந்தச் சுருதியில வரும்னு கர்த்தருக்கே தெரியாது. உன் பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னது உங்களுக்கும் புரியும். நம் சபைகளில் யாருக்கு உள்ளம் பொங்கினாலும் எழுந்து தன் சுருதியில் பாட ஆரம்பித்துவிடுவார்கள். வாத்தியக்காரன்தான் பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டும். ஒன்பது வருடமாக நான் செய்துகொண்டிருந்தது அதுதான். அதை நான் மறக்கவில்லை. பிரதர் இருக்கும்வரை மைக் வேறு யாரிடமும் போகாது என்று தைரியமாக இருந்துவிட்டேன்.

என் பக்கத்து மேசையில் பவுடர் என்று ஒருவர் இருந்தார். கல் தூசியில் தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருப்பதால் அந்தப் பெயர். வயது நாற்பத்தொன்று. தண்ணீர் விடாமல் அறுத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் தூசி பறக்கும். அவர் அப்படித்தான் ஐந்து வருடம் அறுத்தார், அறுக்கச் சொன்னார்கள். எனக்கு மெஷின் பிடிக்கக் கற்றுக்கொடுக்காமல், மெஷினைத் திட்டக் கற்றுக்கொடுத்தார். "அதை வஞ்சாத்தான்டா ஓடும், மாமியார் வீட்டு மிக்ஸி மாதிரி." போன மாதம் படிக்கட்டில் மூச்சு விட நின்றவர் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். பிறகு இல்லை. நுரையீரலில் கல் படிந்திருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கம்பெனித் தாளில், வேலைக்கு வரும் முன்பே இருந்த நோய் என்று எழுதினார்கள். அந்தத் தாளில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் சார். போட வேண்டிய பதவி. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவர் ஒரு பாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டார், தொண்டை கட்டிவிட்டது என்றார்.

உடலை வாங்கிப்போகப் பவுடரின் மனைவி வந்திருந்தார். காகிதங்கள் முடிய ஒரு வாரம் ஆனது. அதனால் போன ஞாயிறு சபையில் அவருக்காக நினைவு ஆராதனை வைத்தார்கள். அடக்க ஆராதனையில் பாடுகிற ஒரு பாட்டு வேண்டும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை அதைப் பதிந்தேன். நாலு தடவை வெந்நீர் ஆறிப்போனது. கை அன்றைக்கு ஒரே ஒரு சரணம்தான் கொடுத்தது. டி மேஜரில்.

அன்றைக்குக் கூடம் நிறைந்திருந்தது. கண்ணாடியில் இன்னும் மூன்று கூடம். அந்த அம்மா முதல் வரிசையில், மடியில் ஒரு கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் ஜெபித்தார். பிறகு, "சிஸ்டர், ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று கேட்டார்.

அவர் எழுந்தார். மைக் வாங்கவில்லை. அந்தப் பாட்டைத் தானே ஆரம்பித்துவிட்டார்.

மிகக் கீழே ஆரம்பித்தார். அவருடைய சுருதி கீபோர்டில் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ இருந்தது. அக்கா ஒற்றை விரலால் தேடினார், இங்கே, அங்கே, பிறகு விரலை எடுத்துவிட்டார். பழக்கத்தில் பிரதர் என் பக்கம் திரும்பி, பிடி என்று கையால் சைகை காட்டினார். எப்போதும் சுருதியை முதலில் பிடிப்பவன் நான்தானே.

அந்த நேரத்தில் நான் பவுடரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னைப் பார்த்து, "என் மெஷினை யாருக்குக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். கண் நிறைந்துவிட்டது. வலது கையால் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சாரின் கை அசைந்ததும் என் கால் மிதித்துவிட்டது. யோசிக்கவே இல்லை. வேலை செய்கிற இடத்தில் அவர் கை அசைந்தால் என் கால் நகரும், அப்படிப் பழகிவிட்டது.

பெட்டி டி மேஜரில் வாசிக்க ஆரம்பித்தது. கணீரென்று, கூடம் முழுக்க. வலது கை என் கண்ணில் இருக்கிறது. கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறது.

நிறுத்த ஒரு தடவை மிதித்தேன். அந்தப் பெட்டியில் நிறுத்த வேண்டுமானால் இரண்டு தடவை வேகமாக மிதிக்க வேண்டும். ஒரு தடவை மிதித்தால் மேலே இன்னொன்றைப் பதியத் தயாராகி, வாசிப்பதைத் தொடரும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி ஒரு தடவை மிதித்தேன். நாலு வரியும் முழுசாக வாசித்தது. பவுடரின் மனைவி பாட்டை நிறுத்திவிட்டார். முன்வரிசையில் இருந்த குழந்தைகள் என் கையையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை, "அங்கிள் வாசிக்கல, ஆனா கேக்குது" என்றது சத்தமாக. கடைசியில் வயரைப் பிடுங்கினேன். டப் என்று ஒரு சத்தம்.

கையும் களவுமாகப் பிடிபடுவது என்பார்களே, அதுதான். மூன்று கண்ணாடியிலும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த அம்மா கொஞ்சம் நின்றார். பிறகு முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அதே கீழ்ச் சுருதி. யாரும் எதையும் வாசிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் படிக்கட்டில் சார் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அப்போது அவர் சார்தான்.

"எத்தனை மாசமா?"

"அஞ்சு சார்."

"டாக்டரைப் பார்த்தியா?"

"பார்த்தேன். ரெண்டு மாசம்னார். அதுல ஆறரை வாரம் போயிடுச்சு."

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். குழியைக் கட்டை விரலால் அமுக்கினார். "நான் ஒண்ணும் பார்க்கலன்னு சொல்ல முடியாது. சபையே பார்த்துச்சு. இதுல பட்டறை ஆளுங்க பன்னெண்டு பேர். நானா ரிப்போர்ட் எழுதினா, நோயை மறைச்சான்னுதான் எழுதியாகணும். நீயா போய் வேலையில வந்ததுன்னு சொன்னா வேற தாள். நாளைக்குக் காலைல மெஷின் தொடறதுக்கு முன்னாடி ஆபீஸுக்குப் போ. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் செய்ய முடியாதுடா, குச்சி."

டா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

போகலாமா வேண்டாமா என்று அப்போதும் முடிவு செய்யவில்லை. இன்னும் இரண்டரை வாரம்தானே, அவர் காலைப் பிடித்துக் கேட்டால் என்ன என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நாற்காலிக் கடை வாசலில் பவுடரின் மனைவி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய், மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்கதான் அவர் பக்கத்து மேசையா? குச்சி?"

"ஆமாங்க."

"உங்களுக்கும் ஏதோ கையாமே. அந்தக் கீபோர்டு வாசிக்கற பொண்ணு சொல்லுச்சு." கைப்பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "அவரு போன்ல பேசும்போது இருமல் வந்தா, 'லைன் சரியில்லடி'ன்னு வெச்சிடுவாரு. ரெண்டு வருஷம் நான் போன் கம்பெனிக்காரனைத் திட்டிட்டு இருந்தேன். போன் கூட மாத்தினேன்."

வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார்.

நேற்று திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். தண்ணீர் கொடுத்தார். கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். எப்போதிலிருந்து, எந்த விரல், எந்த மெஷின். பிறகு, "கிட்டார் நல்லா வாசிப்பீங்களாமே, எத்தனை வருஷமா?" என்றார். ஒன்பது வருஷம் என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் அதை எழுதி, அடியில் கோடு போட்டார். இரண்டாவது கோடும் போட்டார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். பாஸ்டருக்கு நான் எழுதிக் கொடுத்ததன் நகல். சபையின் அறிவிப்புப் பலகையிலிருந்து யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். கைக்கு லேசு என்ற வரியைக் காட்டி, "அப்ப இதைத் தேர்ந்தெடுக்கும்போதே கை சரியில்லன்னு தெரியும், இல்லையா?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கதவருகில் சார் நின்றுகொண்டிருந்தார். யார் படம் எடுத்துக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. யாரையும் சொல்ல மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனி டாக்டரும் காப்பீட்டு ஆளும் உட்கார்ந்து முடிவு செய்வார்களாம். மெஷினால் வந்தது என்றால் இங்கேயே அறுவை, டாக்டர் சொன்ன கெடுவுக்குள். கிட்டாரால் வந்தது, அல்லது வரும்போதே இருந்தது என்றால் விமானம். அங்கே வந்து நாம் ஆஸ்பத்திரி தேடுவதற்குள் கெடு முடிந்துவிடும். இப்போது என்னை மெஷினில் விடவில்லை. கல் கழுவுகிற இடத்தில் குழாய் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வலது கையால்.

இன்று மத்தியானம் சார் அங்கே வந்து, என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இங்க வர்றப்போ கை நல்லா இருந்துச்சுன்னு காட்ட ஏதாவது இருக்கா? வாய்ப்பேச்சு வேண்டாம். கண்ணால பார்க்கற மாதிரி, தேதியோட. பவுடர் விஷயத்துல அப்படி ஒண்ணு இருந்திருந்தா நான்..." முடிக்கவில்லை. போய்விட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். சித்தி மகள் கல்யாண வரவேற்பில் நான் வாசித்தது. நான் கிளம்புவதற்கு இருபது நாள் முன்பு. அத்தான் முன்னால் உட்கார்ந்து முழுசாக வீடியோ எடுத்தார். அதில் என் இடது கை பக்கத்தில் வந்து தெரியும். சுண்டு விரலை நீட்டி வாசித்தேன் என்று ஞாபகம்.

அம்மாவுக்கு இதை மெதுவாகச் சொல்லுங்கள். அப்பா கோபப்படுவார், படட்டும். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வலி இல்லை. மரத்துப்போனதில் வலி எங்கே. ஆனால் பயமாக இருக்கிறது. பைப்பு இப்போது கேலி செய்வதை நிறுத்திவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதை முதலில் படிப்பது யாராக இருந்தாலும் சரி, அத்தானின் பழைய போனைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு, அந்த வீடியோவைக் கண்டுபிடியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், அதில் எடுத்த தேதி போய்விடும். அசல் கோப்பையே ஈமெயிலில் அனுப்புங்கள். நான் கிளம்பும் முன் எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள் பீரோவில் அப்பாவின் சான்றிதழ்களோடு இருக்கும், அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். வியாழக்கிழமைக்குள் எனக்கு வேண்டும்.